மந்தையின் மூச்சு

ஆடு வளர்ப்போர் மேய்ச்சல் நிலத்திற்கு முள்வேலி இடுவர். பட்டிக்குப் படல் கட்டுவர். நரிக்கும் நாய்க்கும் திருடருக்கும் அவை தடையாகும். ஓர் ஆட்டின் மூச்சை மற்றோர் ஆட்டின் மூச்சிலிருந்து பிரிக்கும் வேலியோ எங்கும் இல்லை. சேர்ந்து மேய்ந்து, சேர்ந்து நீர் அருந்தி, சேர்ந்து உறங்கும் உயிர்களிடையே மூச்சுவழி நோய் எவ்வாறு பரவுகிறது? அதை எவ்வாறு தடுக்கலாம்? ஆட்டுக்கொல்லி நோயைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

அரசூரில் அறியப்பட்ட நோய்

1987ஆம் ஆண்டு, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த அரசூர் என்னும் ஊரில் செம்மறியாடுகள் நோயுற்றன. கால்நடை மருத்துவ அறிஞர்கள் அவற்றிலிருந்து மாதிரிகளைத் திரட்டி ஆய்வு செய்தனர். மாடுகளைத் தாக்கும் வெக்கை நோயை ஒத்த, ஆனால் அதனின் வேறான ஒரு நச்சுயிரியே (வைரஸ்) அந்நோய்க்குக் காரணம் என்பது புலனாயிற்று. இந்தியாவில் அந்நோய் உறுதிசெய்யப்பட்டது அதுவே முதன்முறை. 1989ஆம் ஆண்டில் இவ்வாய்வு முடிவு வெளியானது. அன்றுமுதல் உலகக் கால்நடை மருத்துவ நூல்களில் அரசூர் என்னும் சிற்றூரின் பெயரும் நிலைபெற்றது.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் 1942ஆம் ஆண்டிலேயே இந்நோய் விவரிக்கப்பட்டிருந்தது. ஆடுகளை மட்டும் தாக்கி, அருகில் நின்ற மாடுகளை விட்டுவைத்த நோயாக அது அங்குக் காணப்பட்டது. தொடக்கத்தில் வெக்கை நோயின் ஒரு வடிவம் என்றே பலரும் எண்ணினர். தனி நச்சுயிரியால் வரும் தனி நோய் என்பது 1970களின் இறுதியில்தான் தெளிவாயிற்று. இந்தியாவில் சில ஆண்டுகள்வரை தென்மாநிலங்களோடு நின்றிருந்ததாகக் கருதப்பட்ட இந்நோய், 1994ஆம் ஆண்டில் வடமாநிலங்களிலும் உறுதிசெய்யப்பட்டது.

கால்நடை மருத்துவர் இதனை வெக்கை சார்பு நோய் என்பர். ஊர்மக்கள் இட்ட பெயரோ ஆட்டுக்கொல்லி என்பதாகும். நோயை முன்பு அறியாத மந்தைக்குள் இது புகுந்தால் ஏறத்தாழ எல்லா ஆடுகளும் நோயுறக்கூடும். பத்துக்கு ஒன்பது மடியவும் கூடும். எனவே, அப்பெயர் மிகையன்று.

நோய்க்கும் உறவுமுறை உண்டு

ஆட்டுக்கொல்லி நச்சுயிரி, மார்பில்லி வைரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. மனிதருக்கு வரும் தட்டம்மை, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர், மாடுகளுக்கு வந்த வெக்கை ஆகிய நோய்களின் நச்சுயிரிகள் இதன் நெருங்கிய உறவினர். ஒரு குடும்பத்தின் முகச்சாயல் பிள்ளைகளிடம் தெரிவதுபோல, இந்நோய்கள் அனைத்திலும் பொதுவான சில இயல்புகள் உள்ளன. இவை மூச்சின்வழி மிக எளிதாகப் பரவுகின்றன. உடலின் நோய் எதிர்ப்பாற்றலையே முதலில் தாக்குகின்றன. பிழைத்தெழுந்த உயிருக்குப் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் காப்பை விட்டுச் செல்கின்றன.

இக்குடும்பத்தில் வெக்கை நோயின் வரலாறு தனித்துக் கூறத்தக்கது. 1890களில் அது ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்கிலிருந்து தெற்குவரை பரவி, மாடுகளைப் பெருமளவில் அழித்தது. ஏர் பூட்ட மாடின்றி, பால் தரப் பசுவின்றி, மக்கள் பெரும் பஞ்சத்தில் வீழ்ந்தனர். இந்தியாவிலும் இந்நோயை ஆராய்வதற்கென 1871ஆம் ஆண்டில் ஆணைக்குழு ஒன்று அறிக்கை அளித்தது. பின்னர் இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசுவரில் ஆய்வகம் வளர்ந்தது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் வால்டர் பிளவ்ரைட் என்னும் ஆங்கிலேய அறிஞர் கென்யாவில் உருவாக்கிய தடுப்பூசி, போரின் போக்கை மாற்றியது. இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகப் பதிவானது 1995ஆம் ஆண்டில். உலகில் கடைசியாகக் காணப்பட்டது 2001ஆம் ஆண்டில். 2011ஆம் ஆண்டில், வெக்கை நோய் உலகிலிருந்து ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் மண்ணைவிட்டு அகற்றப்பட்ட இரண்டாவது நோய் அதுவே.

அண்ணன் ஒழிந்தான், தம்பி இன்னும் இருக்கிறான். அவனை வெல்ல வேண்டுமாயின், அவன் நடக்கும் வழியை முதலில் அறிதல் வேண்டும்.

மூச்சுவழிப் பயணம்

நோயுற்ற ஆடு தும்மும்போதும் இருமும்போதும் மூச்சு விடும்போதும் கணக்கற்ற நீர்த்துளிகள் வெளிப்படுகின்றன. அவற்றுள் நச்சுயிரிகள் மிதக்கின்றன. அருகில் நிற்கும் ஆடு மூச்சை இழுக்கும்போது அத்துளிகள் அதன் மூக்கிலும் தொண்டையிலும் படிகின்றன. அங்கே ஒரு வியப்பு நிகழ்கிறது. நச்சுயிரி உடனே மூச்சுக்குழாயின் உள்சவ்வைத் தாக்குவதில்லை. உடலைக் காப்பதற்காக அங்கே சுற்றிவரும் வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு அவற்றுக்குள் நுழைகிறது. காவலர் தம் வழக்கப்படி நிணநீர்க்கணுக்களுக்குத் திரும்புகின்றனர். பகைவனும் அவர்களோடு உள்ளே செல்கிறான். கோட்டைக்குள் புகக் காவலரின் வண்டியையே பயன்படுத்தும் உத்தி இது.

நிணநீர்க்கணுக்களில் பெருகிய நச்சுயிரி, குருதியின்வழி உடலெங்கும் பரவுகிறது. பின்னர் மூக்கு, வாய், நுரையீரல், குடல் ஆகியவற்றின் உள்சவ்வுச் செல்களை உட்புறமிருந்து தாக்குகிறது. அச்செல்களிலிருந்து வெளிவரும் புதிய நச்சுயிரிகள் மூச்சிலும் சளியிலும் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் கழிச்சலிலும் கலந்து வெளியேறுகின்றன. நச்சுயிரி ஓர் ஆட்டைவிட்டு அடுத்த ஆட்டைத் தேடிப் புறப்படும் வாயில் இதுவாகும்.

நோய் தொற்றிய நாள்முதல் அறிகுறி தோன்றும் நாள்வரை பெரும்பாலும் நான்கு முதல் ஆறு நாள்கள் கழிகின்றன. அதன்பின் உடல்வெப்பம் 40 அல்லது 41 பாகை செல்சியசு அளவிற்கு உயர்கிறது. ஆடு மேய்ச்சலை விட்டு ஒதுங்கி நிற்கிறது. மூக்கிலிருந்து முதலில் தெளிந்த நீர் வடிகிறது. அது விரைவில் மஞ்சள்நிறச் சளியாகத் தடித்து மூக்குத் துளையை அடைக்கிறது. கண்பீளை இமைகளை ஒட்டச் செய்கிறது. ஈறுகளிலும் நாவிலும் புண்கள் தோன்றுகின்றன. கழிச்சலால் உடலின் நீர் வற்றுகிறது. சினை ஆடுகள் கருவை இழக்கின்றன. நச்சுயிரியால் எதிர்ப்பாற்றல் குன்றிய உடலில் பாக்டீரியாக்கள் எளிதாகக் குடியேறி நுரையீரல் அழற்சியை உண்டாக்குகின்றன. மூச்சுத்திணறலும் நீரிழப்பும் ஒருங்கே தாக்க, சில நாள்களில் ஆடு மடிகிறது.

நோயின் கொடுமை மட்டுமன்று, அதன் கால ஒழுங்கும் கருதத்தக்கது. காய்ச்சலும் சளியும் பிறர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஆடு நச்சுயிரியை வெளியேற்றத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, நோயுற்ற ஆட்டைக் கண்டபின் பிரித்து வைப்பது தேவையான செயலே எனினும், அது காலம் தாழ்ந்த செயலாகவே பெரும்பாலும் முடிகிறது.

காற்றும் தொலைவும்

மூச்சுவழி பரவும் நோய்கள் எல்லாம் ஒரே தொலைவு செல்வன அல்ல. பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். மிக நுண்ணிய துளிகள் காற்றில் நெடுநேரம் மிதக்கும். எந்த நச்சுயிரி எத்துணை நேரம் உடலுக்கு வெளியே உயிர்ப்புடன் இருக்கும் என்பதைப் பொறுத்தே அதன் பயணத் தொலைவு அமைகிறது.

மாடுகளின் கோமாரி நோயை இங்கு ஒப்பிடலாம். 1981ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பிரிட்டனி பகுதியில் பன்றிகளிடையே தோன்றிய கோமாரி, கடலைக் கடந்து இங்கிலாந்தின் வைட் தீவில் உள்ள மாடுகளைத் தாக்கியது. இடையில் இருந்தது ஏறத்தாழ 250 கிலோமீட்டர். கப்பலோ வண்டியோ அதைச் சுமந்து வரவில்லை. குளிர்ந்த ஈரக்காற்றே சுமந்து வந்தது என அறிஞர்கள் கணித்தனர். நோயுற்ற பன்றி, மாட்டைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியான கோமாரி நச்சுயிரியை மூச்சில் வெளியிடுகிறது. மாடோ பேரளவில் காற்றை உள்ளிழுப்பதால் மிகச் சிறிய அளவு நச்சுயிரியாலும் தொற்றுக்கு ஆளாகிறது. இவ்விரண்டும் பொருந்தியபோது கடலும் எல்லையாகவில்லை.

ஆட்டுக்கொல்லி நச்சுயிரிக்கு அத்தகைய வலிமை இல்லை. அதனைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை ஒன்று உள்ளது. வெயிலும் வறட்சியும் சோப்பு நீரும் அவ்வுறையைச் சிதைத்துவிடும்; உறை சிதைந்தால் நச்சுயிரியும் செயலிழக்கும். திறந்த வெளியில் நெடுந்தொலைவு செல்ல அதனால் இயலாது. உயிருள்ள ஆட்டிலிருந்து அருகில் நிற்கும் மற்றோர் ஆட்டிற்குத் தாவுவதே அதன் வழி. தண்ணீர்த் தொட்டியும் தீவனத் தொட்டியும் ஈரப் படுக்கையும் சிறிது நேரம் அதற்கு இடம் தரலாம். ஆயினும் அவை துணைவழிகளே.

இவ்வளவு மென்மையான நச்சுயிரி எவ்வாறு கண்டங்களைக் கடந்தது? காற்று அதனைக் கொண்டு செல்லவில்லை; ஆடுகளே கொண்டு சென்றன. ஆடுகளைக் கொண்டு சென்றவர் மனிதர்.

சந்தையும் கிடையும் பட்டியும்

ஆட்டுச் சந்தை விடியலுக்கு முன்பே கூடுகிறது. பல ஊர்களிலிருந்து சிறு வண்டிகளில் ஆடுகள் நெருக்கமாக ஏற்றி வரப்படுகின்றன. ஒரே கயிற்றில் பல ஊர் ஆடுகள் கட்டப்படுகின்றன. தரகர் ஒவ்வோர் ஆட்டின் வாயையும் பிடித்துப் பல் பார்க்கிறார். அதே கையால் அடுத்த ஆட்டின் வாயையும் பிடிக்கிறார். பயணக் களைப்பும் பசியும் நெருக்கடியும் ஆடுகளின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன. தொற்று நிகழ இதனினும் ஏற்ற இடம் அரிது.

சந்தையில் விற்ற ஆடுகளைவிட விற்காத ஆடுகள் மிகுந்த கவனத்திற்குரியவை. இறைச்சிக்கு விற்ற ஆட்டின் பயணம் விரைவில் முடிகிறது. விலை படியாமல் வீடு திரும்பும் ஆடோ, அன்று முழுவதும் அயல்மந்தைகளின் மூச்சை வாங்கியபின் தன் மந்தைக்குள் நுழைகிறது. அதன் நடையில் சோர்வு இல்லை. கண்ணில் நீர் இல்லை. உரியவர் அதனை வழக்கம்போல் பட்டியில் அடைக்கிறார். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துப் பட்டியில் முதல் தும்மல் கேட்கிறது. அதற்குள் மந்தையின் பல ஆடுகள் ஒரே காற்றைப் பகிர்ந்து முடித்திருக்கும்.

நோயின் பரவலில் மனித மனத்திற்கும் பங்குண்டு. மந்தையில் இரண்டு ஆடுகள் இறந்தவுடன் எஞ்சியவற்றைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட வேண்டும் என்னும் பதற்றம் எழுகிறது. அதனைப் பேராசை எனப் பழித்தல் பொருந்தாது. வெள்ளாட்டை ஏழையின் பசு என்பர். நிலமற்ற குடும்பத்திற்குப் பிள்ளையின் கல்விக் கட்டணமும் முதியவரின் மருத்துவச் செலவும் மகளின் திருமணச் செலவும் அந்த ஆடுகளே. கண்முன் கரையும் சேமிப்பைக் காத்துக்கொள்ள முனைவது இயல்பு. ஆயினும், அவ்வாறு விற்கப்படும் ஆடு, விற்றவரின் இழப்பை அவரைப் போன்றே எளியவரான இன்னொருவரின் பட்டிக்கு மாற்றுகிறது. இழப்பு குறைவதில்லை, பெருகுகிறது.

இடம்பெயரும் மந்தைகளின் நிலை வேறு. இராமநாதபுரம், சிவகங்கை பகுதிகளைச் சேர்ந்த கீதாரிகள், அறுவடை முடிந்த காவிரிப் படுகை நோக்கித் தம் செம்மறியாடுகளை ஓட்டிச் செல்வது நெடுநாள் வழக்கம். பகலில் தாளடி நிலங்களில் மேயும் ஆடுகள் இரவில் வயலில் கிடை அமர்த்தப்படுகின்றன. நிலத்திற்கு எருவும் மேய்ப்பவருக்கு ஊதியமும் கிடைக்கின்றன. உழவும் மேய்ச்சலும் ஒன்றை ஒன்று தாங்கும் இவ்வழக்கம் போற்றத்தக்கது. அதே வேளையில், வழிநெடுக ஒரே குளத்தில் நீர் அருந்தும் பல மந்தைகளும் உள்ளூர் ஆடுகளும் ஒன்றையொன்று நெருங்க நேர்கிறது. புறப்படுவதற்கு முன்பே தடுப்பூசி பெற்ற மந்தை, வழியெங்கும் எருவை மட்டுமே விட்டுச் செல்லும். தடுப்பூசி பெறாத மந்தை நோயையும் விட்டுச் செல்லலாம், வாங்கியும் வரலாம்.

வீட்டுப் பட்டியின் அமைப்பும் பரவலைத் தீர்மானிக்கிறது. குளிருக்கும் மழைக்கும் அஞ்சி எல்லாப் பக்கமும் மூடப்பட்ட கொட்டகையில் மூச்சுக்காற்று தங்கிவிடுகிறது. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா மூச்சுக்குழாயின் உள்சவ்வைப் புண்படுத்துகிறது. மழைச்சாரல் படாமலும் காற்று மட்டும் உலவும்படியும் கூரைக்கும் சுவருக்கும் இடையே திறப்பு விடுவது செலவில்லாத மருத்துவமாகும்.

தெரிந்து தெளிவோம்

புதிதாக வாங்கிய ஆட்டையும், சந்தைக்குச் சென்று திரும்பிய ஆட்டையும் மூன்று வாரங்களுக்குக் குறையாமல் தனியிடத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அவற்றுக்குத் தனித் தண்ணீர்த் தொட்டியும் தனித் தீவனத் தொட்டியும் தேவை. நாள்தோறும் நலமான மந்தையைக் கவனித்தபின்னரே தனியிடத்து ஆடுகளிடம் செல்ல வேண்டும். நச்சுயிரியை நேரடியாகக் கொல்லும் மருந்து இந்நோய்க்கு இல்லை. உடன்வரும் பாக்டீரியாக்களை அடக்கவும் நீரிழப்பை ஈடுசெய்யவுமே மருத்துவம் அளிக்கப்படுகிறது. இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை.

எண்ணிக்கை கற்பிக்கும் பாடம்

ஒரு நோயின் பரவல் வேகத்தை ஓர் எளிய எண்ணால் குறிக்கலாம். எதிர்ப்பாற்றல் இல்லாத மந்தையில் நோயுற்ற ஓர் ஆடு சராசரியாக எத்தனை ஆடுகளுக்கு நோயைத் தரும் என்பதே அவ்வெண். எடுத்துக்காட்டாக, அது ஐந்து எனக் கொள்வோர், ஒன்று ஐந்தாகவும் ஐந்து இருபத்தைந்தாகவும் பெருகும் வளர்ச்சியைக் காண்பர். அந்த ஐந்தில் நான்கு ஆடுகள் ஏற்கெனவே காப்புப் பெற்றிருப்பின், நோயுற்ற ஆடு ஒன்றே ஒன்றிற்குத்தான் நோயைத் தர இயலும். அதற்கும் சற்று மேலாகக் காப்பு உயர்ந்தால், நோய் தனக்கு அடுத்த இடம் கிடைக்காமல் தானே அணைந்துபோகும். காப்புப் பெற்ற ஆடுகள் தம்மை மட்டுமன்றி, தம் நடுவே நிற்கும் காப்பற்ற குட்டியையும் காக்கின்றன. இதுவே மந்தைக் காப்பு எனப்படும்.

ஆயினும், ஆட்டு மந்தை நிலையான எண்ணிக்கை உடையதன்று. நூறு ஆடுகள் கொண்ட மந்தையில் எண்பது ஆடுகளுக்குத் தடுப்பூசி இடப்பட்டதாகக் கொள்ளலாம். ஓராண்டில் முப்பது ஆடுகள் விற்பனைக்குச் செல்கின்றன. முப்பது குட்டிகள் வளர்ந்து அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. சென்ற முப்பதில் இருபத்துநான்கு தடுப்பூசி பெற்றவை எனின், எஞ்சியவை ஐம்பத்தாறே. ஆடுகளின் எண்ணிக்கை குறையவில்லை; காப்பு மட்டும் ஓசையின்றிக் குறைந்துவிட்டது. ஒருமுறை இட்டதோடு கடமை முடிந்தது என எண்ணிய ஊர்களில் நோய் மீண்டும் தலைகாட்டுவதன் காரணம் இதுவேயாகும்.

குட்டிகளின் நிலையில் ஒரு நுட்பம் உள்ளது. தாய் ஆட்டின் எதிர்ப்பொருள்கள் சீம்பாலின்வழி குட்டியை அடைந்து, சில மாதங்கள் அதனைக் காக்கின்றன. அக்காலத்தில் தடுப்பூசி இட்டால், தாய் தந்த காப்பே தடுப்பூசியைச் செயலிழக்கச் செய்துவிடும். தாயின் காப்புத் தேய்ந்தபின், அதாவது மூன்று அல்லது நான்கு மாத அகவைக்குப் பின் தடுப்பூசி இடுவதே பயன் தரும். மிக விரைந்தாலும் வீண். மிகத் தாழ்ந்தாலும் தீங்கு.

நோயே மருந்தான வரலாறு

அரசூரில் நோயைத் தந்த நச்சுயிரியே பின்னர் நோயைத் தடுக்கவும் பயன்பட்டது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் செல்களில் நச்சுயிரியை ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை தொடர்ந்து வளர்த்தபோது, அது நோயுண்டாக்கும் ஆற்றலை இழந்தது. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் தன்மையை இழக்கவில்லை. இவ்வாறு வலுவிழக்கச் செய்யப்பட்ட அரசூர் 87, கோயம்புத்தூர் 97 என்னும் வகைகளைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் உருவாக்கினர். இமாச்சலப் பிரதேசத்தின் சுங்ரி என்னும் இடத்து வெள்ளாட்டிலிருந்து பெற்ற சுங்ரி 96 என்னும் வகையை இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கினர். நோய் கண்ட ஊர்களின் பெயர்கள் இன்று காப்பின் பெயர்களாக வழங்குகின்றன.

முறையாக இட்ட ஒரே தடுப்பூசி, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குக் காப்பளிக்கிறது. எனினும், இது உயிருள்ள நச்சுயிரியால் ஆனது, வெப்பத்தால் கெடக்கூடியது. ஆய்வகம் முதல் ஊர்வரை 2 முதல் 8 பாகை செல்சியசு குளிர்ச்சியில் அதனைக் கொண்டுவருதல் வேண்டும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்திற்குள் இட்டு முடித்தல் வேண்டும். பனிக்கட்டி உருகிய பெட்டியில் வந்த மருந்து, ஊசி போட்ட நிறைவை மட்டுமே தரும், காப்பைத் தராது. ஆகவே, தடுப்பூசியின் வெற்றி ஆய்வகத்தில் பாதியும், கோடைவெயிலில் பெட்டி சுமந்து ஊர் ஊராகச் செல்லும் கால்நடைப் பணியாளரின் நேர்மையில் பாதியுமாக உள்ளது.

2010ஆம் ஆண்டுமுதல் இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் செயற்படுகிறது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 14 கோடியே 88 இலட்சம் வெள்ளாடுகளும், 7 கோடியே 42 இலட்சம் செம்மறியாடுகளும் உள்ளன. பணியின் பரப்பை இவ்வெண்கள் உணர்த்தும்.

எல்லை கடந்த மூச்சு

காப்பில்லாத மந்தைகள் இருக்கும்வரை இந்நோய்க்கு எல்லைக்கோடு இல்லை. 2016ஆம் ஆண்டில் மங்கோலியாவின் மேற்குப் பகுதி ஆடுகளிடையே இந்நோய் புகுந்தது. அவ்வாண்டின் இறுதியில் அதே புல்வெளியில் மேயும் சைகா என்னும் அரிய மான்களையும் அது தாக்கியது. பனிமூடிய வெளியில் ஆயிரக்கணக்கான மான்கள் மடிந்தன. அங்கு வாழ்ந்த சைகா மான்களில் பாதிக்கும் மேற்பட்டவை அழிந்தன. அவற்றை வேட்டையாடி உண்ணும் விலங்குகளுக்கும் உணவு குறைந்தது. வளர்ப்பு விலங்கிற்கு இடாத ஊசியின் விலையைக் காட்டு விலங்கு செலுத்தியது. 2024ஆம் ஆண்டில் கிரீசு, ருமேனியா ஆகிய நாடுகளிலும் இந்நோய் தோன்றி, ஐரோப்பாவைத் திடுக்கிடச் செய்தது.

2015ஆம் ஆண்டில் ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரில் உலக நாடுகள் கூடி, 2030ஆம் ஆண்டிற்குள் ஆட்டுக்கொல்லி நோயை ஒழிப்பதென இலக்கு வகுத்தன. நோய் முதன்முதலில் விவரிக்கப்பட்ட நாட்டிலேயே அதனை ஒழிக்கும் உறுதியும் எடுக்கப்பட்டது. பிழைத்த ஆடு நெடுநாள் நோயைச் சுமந்து திரிவதில்லை; நல்ல தடுப்பூசி கையில் உள்ளது; வெக்கை நோயை வென்ற பட்டறிவும் உள்ளது. ஆகவே, இவ்வொழிப்பு இயலாத செயலன்று.

படலுக்கு வெளியே ஒரு கடமை

அறிவியல் நோயின் வழியைக் காட்டிவிட்டது. அவ்வழியை அடைக்கும் கை, ஆடு வளர்ப்பவரின் கையே. மந்தையில் ஓர் ஆடு தும்மி ஒதுங்கி நிற்கும் காலைப்பொழுதில் அவர்முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று சந்தைக்குச் செல்வது. மற்றொன்று கால்நடை மருந்தகத்திற்குச் செல்வது. தொற்றுநோயை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும் என 2009ஆம் ஆண்டுச் சட்டம் வலியுறுத்துகிறது. எனினும், உண்மையைத் தெரிவிப்பவர் தனியே இழப்பைச் சுமக்க நேருமாயின், சட்டம் மட்டும் போதாது. விரைந்து வரும் மருத்துவரும், ஆட்டுக்கான காப்பீடும், ஊரின் ஆதரவும் அவருக்குத் துணை நிற்க வேண்டும். அத்துணை இருக்கும் ஊரில் நோய் மறைக்கப்படுவதில்லை. மறைக்கப்படாத நோய் நெடுந்தொலைவு செல்வதில்லை.

ஒருவர் தம் பத்து ஆடுகளுக்கு இடும் ஊசி, தாம் அறியாத இன்னொருவரின் குட்டியையும் காக்கிறது. ஒருவர் தவிர்க்கும் ஊசி, தாம் காணாத இன்னொரு பட்டியை வெறுமையாக்கக்கூடும். ஆடுகள் வெவ்வேறு உரிமையாளருக்கு உரியவை; அவை மூச்சாக இழுக்கும் காற்று பொதுவானது. பொதுவானதைக் காப்பது அனைவர்க்கும் பொதுவான கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. ஊரில் ஆடு வளர்ப்பவர் ஒருவரைச் சந்தித்து, புதிதாக வாங்கும் ஆடுகளை அவர் எவ்வாறு மந்தையில் சேர்க்கிறார் என்பதைக் கேட்டறிந்து எழுதுக.
2. ஆடு மாடுகளின் நோய்களுக்கு உங்கள் பகுதியில் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அப்பெயர்களின் பொருத்தத்தைக் கலந்துரையாடுக.

குறுவினா

1. ஆட்டுக்கொல்லி நச்சுயிரியால் காற்றில் நெடுந்தொலைவு செல்ல இயலாமைக்குக் காரணம் யாது?
2. அரசூர் என்னும் ஊர் கால்நடை மருத்துவ வரலாற்றில் பெறும் இடத்தைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. ‘விற்ற ஆடுகளைவிட விற்காத ஆடுகள் மிகுந்த கவனத்திற்குரியவை’ – விளக்குக.
2. பிறந்த சில மாதங்களுக்குள் குட்டிகளுக்குத் தடுப்பூசி இடுவது பயனளிக்காதது ஏன்?

நெடுவினா

1. மந்தைக் காப்பு என்பது யாது? அது காலப்போக்கில் குறையும் முறையையும், அதனை நிலைநிறுத்தும் வழிகளையும் பாடப்பகுதி கொண்டு விவரிக்க.